விழுந்த தோக்கு வெடிக்காது

பென்சில் மேலே பறந்து, ஓட்டுக்கூரையின் சட்டத்தில் முட்டி, திரும்பி வந்து கிருஷ்ணன்குட்டியின் வழுக்கையில் விழுந்தது.

“முதல் ஆள் அவுட்டு,” என்றான் மனு. “அக்கா, போலீசைக் கூப்பிடட்டா?”

“எலே, அந்த வாயை மூடிட்டு பென்சிலை எடு,” என்றாள் ரெபேக்காள்.

காட்டாக்கடைச் சந்தைக்குப் பின்னால், கிருஷ்ணன்குட்டியின் உரக்கடைக் குடோன் அது. ரெபேக்காளின் கையில் இருந்தது அவருடைய கைத்துப்பாக்கி. மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்பதை விரல் விட்டுப் பார்த்து, மனுவையும் பார்க்க வைத்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவள் அதைத் தொட்டிருந்தாள்.

ரெபேக்காள் துணை ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவள். வேலையை விட்டு வந்து, பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மொபைல் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண் சொன்ன படிப்பைப் படித்தாளா என்று ஊர் ஊராகக் கேட்டு அலைந்தவளுக்கு, துப்பாக்கி வழக்கு ஒன்று கிடைத்திருப்பது இதுதான் முதல் தடவை. ஸ்கூட்டர் ஓட்டுவதும் சாட்சிகளிடம் வாய் கொடுப்பதும் மனுவின் வேலை. சாட்சி இல்லாத நேரத்திலும் அவன் வாய் ஓயாது.

“கிருஷ்ணன்குட்டி அண்ணே, நீங்களும் தாணு அண்ணனும் ஒரே கம்பெனித் தோக்குதானே வாங்கினீங்க?”

“ஒரே கம்பெனி, ஒரே மாடலாக்கும்,” என்றார் கிருஷ்ணன்குட்டி, தலையைத் தடவியபடி. “பட்டாளத்துல இருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். லைசன்சும் ஒண்ணாத்தான் எடுத்தோம்.”

“இப்பம் விரல் வச்சுக் காஞ்சியை, இந்த விசையை, வலிச்சேன். உள்ள இருக்க ஊசி முன்னால வந்து அடிச்சுது, பென்சில் பறந்துது. தோட்டா இருந்தா வெடிச்சிருக்கும். சரியா? இனி காஞ்சியைத் தொடமாட்டேன். பாருங்கோ.”

பென்சிலை மறுபடி குழலுக்குள் விட்டு, மேல் பாகத்தை இழுத்துத் துப்பாக்கியைச் சுடும் நிலையில் வைத்து, குழல் மேலே பார்க்கும்படி பிடித்தாள். குடோன் மூலையில் ரப்பர் ஷீட்டுகள் அடுக்கிக் கிடந்தன. இடுப்பு உயரத்திலிருந்து துப்பாக்கியை அதன்மேல் விட்டாள். தொப்பென்று விழுந்தது. பென்சில் லேசாக எம்பி அப்படியே உட்கார்ந்தது. மறுபடி விட்டாள். பிறகு ரப்பர் சுத்தியலை எடுத்துப் பிடியின் அடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பென்சில் பறக்கவில்லை.

“புதுத் தோக்குல ஊசிக்கு முன்னால ஒரு சின்னக் கட்டை காவல் நிக்கும்,” என்றாள். “காஞ்சியை வலிச்சா மட்டும்தான் அது விலகும். கீழ போட்டாலும் அடிச்சாலும் விலகாது. பழைய தோக்குன்னா கதை வேற, கீழ விழுந்தாலே வெடிக்கும். இது வெடிக்காது.”

கிருஷ்ணன்குட்டியின் முகம் வாடியது. மனு மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, நம்மைக் கூப்பிட்டது தாணு அண்ணனுக்க வீட்டுக்காரிதானே?”

“ஆமா.”

“தோக்கு தானா விழுந்து வெடிச்சுன்னு சொல்லுதவரும் தாணு அண்ணன்தானே?”

“ஆமாலே.”

“அப்பம் நம்ம ஆளை நம்மளே ஜெயிலுக்குள்ள வச்சுப் பூட்டியாச்சு. சாவியை எங்க வைக்கட்டும்?”

சனிக்கிழமை காலையில் ஆரியங்கோட்டில் நடந்தது இதுதான். ரப்பர் தோட்டக்காரர் தாணுவுக்கும் பக்கத்து வீட்டு ஜோஷிக்கும் வெகுநாளாக ஒரு வழித் தகராறு; அது கோர்ட்டிலும் கிடந்தது. ஜோஷியின் வீட்டுக்குக் கார் போக வேண்டுமானால் தாணுவின் முற்றத்து ஓரமாகத்தான் போக வேண்டும். தாணு விடமாட்டார். அன்றைக்கும் இரண்டு பேரும் எல்லைக் கையாலைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சத்தம் போட்டார்கள். ஒரு வெடி கேட்டது. ஜோஷியின் கெண்டைக்கால் சதையைக் குண்டு கிழித்துக்கொண்டு போனது.

தாணு என்னைப் பார்த்துச் சுட்டார் என்றார் ஜோஷி. இடுப்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்து வெடித்தது என்றார் தாணு. போலீஸ் கொலை முயற்சி வழக்குப் போட்டு, தாணுவை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. இன்றைக்குச் சாயங்காலம் எஸ்.ஐ. மோகனன் ஆஸ்பத்திரியில் ஜோஷியிடம் முழு வாக்குமூலம் எடுக்கப் போகிறார். அது கோர்ட்டுக்குப் போய்விட்டால், அறுபது வயது தாணு வெளியே வர எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“வண்டியை எடு,” என்றாள் ரெபேக்காள். “ஆரியங்கோட்டுக்குப் போணும்.”

“போய்?”

“தோக்கு விழுந்த இடத்தைப் பாக்கணும்.”

“விழுந்தாத்தான் வெடிக்காதே அக்கா.”

“அதுக்குத்தாம்லே பாக்கணும்.”

ஆரியங்கோட்டில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாணுவின் மனைவி குமாரி வாசலிலேயே நின்றிருந்தார். சமைத்த வீட்டின் அடையாளம் எதுவும் இல்லை. மருமகள் ஊரிலிருந்து வந்து கூப்பிட்டும் போகாமல் தனியாக இருக்கிறார் என்று பக்கத்தில் சொன்னார்கள்.

“மக்களே, அவரு எப்பம் வருவாரு?” இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ரெபேக்காள் முற்றத்துப் பக்கம் திரும்பினாள். “இடத்தைக் காட்டுங்கோ அக்கா,” என்றாள்.

எல்லை என்பது இடுப்பளவுக் கருங்கல் கையாலை. முள்கம்பியோ வேலியோ கிடையாது. கல்மேல் பாசி படர்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் தாணு நின்ற இடத்தில் ஒரு துவைகல். அந்தப் பக்கம் ஜோஷியின் வாழைத் தோட்டம்.

“இங்க எதுக்குத் தோக்கைத் தூக்கிட்டு வந்தாரு?”

“விடியக்காலம் மரச்சீனிக் கிழங்கு விளையில பன்னி இறங்கிட்டு. சத்தம் போட்டு விரட்டப் போனாரு. ஒரு பயத்துக்குத் தோக்கை இடுப்புல சொருகினாரு. திரும்பி வரும்பம் ஜோஷி நிக்குதான். வாய்த்தர்க்கம்.”

“தோட்டா ஏத்தி, உடுத்த முண்டுல சொருகிட்டு,” என்றாள் ரெபேக்காள், பல்லைக் கடித்துக்கொண்டு. “பட்டாளத்துல இதையா படிச்சுக் குடுத்தாங்க? சரி. தோக்கு எங்க கிடந்துது?”

குமாரி கையை நீட்டினார். நீட்டிய விரல் துவைகல்லைக் காட்டவில்லை. கையாலையைத் தாண்டி, ஜோஷி நின்ற இடத்தையும் தாண்டி, வாழைத் தோட்டத்துக் குழியைக் காட்டியது.

“அங்கயா?”

“போலீசு அங்க இருந்துதான் எடுத்தாவ. இவரு சுட்டிட்டு வீசி எறிஞ்சிருப்பாருன்னு எஸ்.ஐ. சொல்லுதாரு.”

மனு கையாலையில் ஏறி நின்று அளந்து பார்த்தான். “குண்டு பட்ட ஆளையும் தாண்டி அவனுக்க பின்னால போய் விழும்படியா வீசினாருன்னா, தாணு அண்ணனைக் கேரள டீமுல எடுக்கணும்.”

“நம்ம ஆளு வீசமாட்டாரு,” என்றார் குமாரி. “ஜோஷிதான் கிரிக்கெட்டுக்காரன். கிளப்புக்குக் கீப்பராக்கும். வீடு முழுக்கக் கோப்பை.”

ரெபேக்காள் துவைகல்லிலிருந்து வாழைக் குழி வரை கண்ணால் அளந்தாள். பிறகு குமாரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, வெடி கேட்ட உடனே நீங்கதானே முதல்ல ஓடி வந்தீங்க. அப்பம் அண்ணன் எப்படி நின்னாரு?”

“நின்னாரு.”

“கையில என்ன இருந்துது?”

குமாரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழப் போனார்.

“அக்கா, நான் அவருக்காக வந்தவ. எனக்கிட்ட மறைச்சா நான் என்ன செய்ய?”

“சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.” குமாரியின் குரல் இறங்கியது. “முண்டு, மக்களே. கோவம் வந்தா முண்டை மடக்கிக் கட்டுத ஆளுலா. அன்னைக்கும் மடக்கிக் கட்டப் போனாரு. கட்டு அவுந்து தோக்கு நழுவிட்டு. கூடவே முண்டும் அவுந்துட்டு. நான் வரும்பம் ரெண்டு கையாலயும் முண்டை வாரிப் பிடிச்சிட்டு, கண்ணை இறுக்க மூடிட்டு நிக்குதாரு.”

மனு சிரிப்பை அடக்க வாழைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரெபேக்காள் சிரிக்கவில்லை.

“இதைப் போலீசுல ஏன் சொல்லல்ல?”

“ஜோஷிக்கு முன்னால முண்டு அவுந்து நின்னாருன்னு கோர்ட்டுல எழுதி வாசிப்பாவளாம். ஜெயில்ல கிடந்தாலும் கிடப்பேன், அதைக் கேக்கமாட்டேன்னுட்டாரு.”

ஸ்கூட்டர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

“ரெண்டு கையும் முண்டுல. விழுந்த தோக்கும் வெடிக்காது,” என்று காற்றில் கத்தினான் மனு. “அப்பம் சுட்டது ஆருக்கா? பன்னியா?”

“ஒரு கேள்விதான் மிச்சம். நான் கண்ணைக் காட்டினா, கட்டில் பக்கத்துல இருக்குத எதையாவது தட்டி விடு.”

“எதை?”

“விழுந்தா உடையுத எதையாவது.”

ஆஸ்பத்திரி வார்டில் ஜோஷி தலையணையில் சாய்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு நல்ல உடற்கட்டு. காலில் பெரிய கட்டு, வலது உள்ளங்கையில் சின்னக் கட்டு. அவர் மனைவி ஜெபமலர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. மோகனன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேனாவைத் திறந்துவிட்டிருந்தார்.

“ரெபேக்கா மேடமே, இது கல்யாண விசாரணை அல்ல, கேட்டோ,” என்றார் மோகனன்.

“ரெண்டு நிமிஷம் சார். வாக்குமூலத்துக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். தோக்கை வாழைக் குழியில இருந்து எடுத்தப்பம் அது எப்படி இருந்துது?”

“மோசம் தோக்கு. வெடிச்ச தோட்டாக் கூடு வெளிய தெறிக்கல்ல. உள்ளயே சிக்கிக் கிடந்துது. நாங்களாக்கும் வலிச்சு எடுத்தது.”

ரெபேக்காளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தன் போனை எடுத்து, கட்டிலருகே இருந்த சின்ன மேசை விளிம்பில் வைத்தாள். ஜோஷி பக்கம் திரும்பினாள்.

“கையில என்ன அண்ணே?”

“அதுவா? விழும்பம் வேலிக்கம்பி கிழிச்சிட்டு.”

மனுவைப் பார்த்து அவள் கண் அசைந்தது. மனு ஆரஞ்சுச் சுளை எடுக்கக் கையை நீட்டினான். முழங்கை பட்டு, ரெபேக்காளின் புது போன் மேசையிலிருந்து பறந்தது.

அது தரையைத் தொடவே இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த ஜோஷி உடம்பை வளைத்து, காலைப் பற்றிய நினைவே இல்லாமல், வலது கையை நீட்டி அதை அந்தரத்திலேயே கவ்வினார். அடுத்த நொடி “எனக்க கர்த்தாவே!” என்று அலறிக் கையை உதறினார். போன் சுவர் வரை பறந்து போய் விழுந்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது.

“நல்ல கேட்ச்சு,” என்றாள் ரெபேக்காள். “சனிக்கிழமை பிடிச்சதும் இதே மாதிரிதானா?”

ஜோஷி வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“என்னவாக்கும் சொல்லுதீங்க?” என்றாள் ஜெபமலர்.

“சார், கேளுங்கோ,” என்று மோகனன் பக்கம் திரும்பினாள் ரெபேக்காள். “இந்த மாடல் தோக்கு கீழ விழுந்து வெடிக்காது. அதே மாடலைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாறேன். ஒங்க லேபும் அதைத்தான் சொல்லும். அப்பம் காஞ்சியில ஒரு விரல் பட்டிருக்கணும். தாணு அண்ணனுக்க ரெண்டு கையும் வேற இடத்துல இருந்துது. எங்கன்னு அவருக்க வீட்டுக்காரி சொல்லுவா, அதை நீங்க மெதுவாக் கேளுங்கோ.”

“அவளுக்குக் கட்டினவனைக் காப்பாத்தணும். அவ சொன்னா ஆச்சா?” என்றார் மோகனன்.

“ஆகாது. தோக்கு சொன்னா ஆகும்லா? சுட்ட உடனே மேல் பாகம் பின்னால ஓடி, வெத்துக் கூட்டை வெளிய துப்பும். துப்பல்லன்னா, அந்த மேல் பாகம் ஓட முடியாதபடி ஒரு கை அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. எவன் சார் சுடும்பம் தோக்கை அப்படிப் பிடிப்பான்? விழுகுத தோக்கைப் பிடிக்கிறவன்தான் பிடிப்பான். உள்ளங்கை மேல, பெருவிரல் காஞ்சிக்குள்ள. வெடிச்ச சூடு கையைச் சுட்டிருக்கும், பயத்துல வீசியிருப்பான். இப்பம் எனக்க போனை வீசின மாதிரி.”

மோகனன் பேனாவை மூடினார். “ஜோஷி, கையைக் காட்டு.”

ஜோஷி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஜெபமலர் அந்தக் கையை வெளியே எடுத்தாள்.

“கல்லுக் கையாலையில எந்தக் கம்பி இருக்கு?” என்று அவரிடமே கேட்டாள். “நான் அன்னைக்கே கேட்டேன்லா. அதுக்கு எங்கிட்டச் சாடினீங்க. அந்த அக்கா அங்க ஒத்தைக்கு ஒண்ணும் தின்னாமக் கிடக்காங்க. சொல்லுங்கோ.”

அவளே கட்டைப் பிரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டு, ஓரத்தில் கருகிய தோல். எந்தக் கம்பியும் அப்படிக் கிழிக்காது.

ஜோஷி கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் யோசிக்கவே இல்ல சார். எதுவோ விழுந்துது, கை போயிட்டு. பிடிச்ச பிறகுதான் அது தோக்குன்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள வெடிச்சிட்டு.”

“பின்ன எதுக்குலே அவரு சுட்டாருன்னு சொன்னே?” என்றார் மோகனன்.

“ஆம்புலன்சுல வலியில சொல்லிட்டேன். அது சத்தியமா வலியில சொன்னதாக்கும். பிறகு மாத்தணும்னுதான் இருந்தேன். எனக்க சித்தப்பா மகன் அஜேஷ் வந்து, மாத்தாதே, இதுலயே பிடிச்சு நின்னா அவரு வழி விட்டுத் தந்து ராசிக்கு வருவாருன்னான். நான்...” ஜோஷி நிறுத்தினார். “தப்பாக்கும். எழுதிக்கிடுங்கோ.”

வெளியே வந்ததும் ரெபேக்காள் விரிசல் விழுந்த போனைத் துடைத்துப் பார்த்தாள்.

“எலே, ஒனக்க போனைத் தட்டி விட்டிருக்கலாம்லா?”

“எனக்க போனுக்கு ஏற்கெனவே பத்துத் தையல் அக்கா. அது விழுந்தா ஒருத்தனும் பதறமாட்டான்.”

தாணுவுக்கு ஜாமீன் கிடைத்தது. கொலை முயற்சி வழக்கு போனது. ஏற்றிய துப்பாக்கியை முண்டில் சொருகிக்கொண்டு நடந்ததற்கான வழக்கு மட்டும் நின்றது. துப்பாக்கியும் லைசன்சும் போலீசிடமே இருந்துவிட்டன. “அது இருக்கட்டும். பன்னிக்குத் தகரம் தட்டினா போதும்,” என்றார் குமாரி.

சிறையிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் விடச் சொன்னார். ஜோஷியை அன்று டிஸ்சார்ஜ் செய்யும் நாள். ரெபேக்காளும் மனுவும் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்கள். இன்னொரு வழக்கு வேண்டாம் என்று இருந்தது அவர்களுக்கு.

தாணு கட்டிலின் காலடியில் போய் நின்றார். ஒல்லியான உடம்பு, நான்கு நாள் தாடி. ஜோஷி தலையைத் தூக்கவில்லை.

“எலே ஜோஷி.”

“சொல்லும் அண்ணே.”

“நீ அதைப் பிடிக்காம விட்டிருந்தா அது வெடிச்சிருக்காதாமே. இந்தப் பிள்ளை சொல்லுது.”

“எனக்கது தெரியுமா அண்ணே?” ஜோஷி முதல் தடவையாக நிமிர்ந்தார். “நீரு முண்டைப் பிடிச்சிட்டு நிக்குதீரு. அது ஒமக்க காலுக்கு நேரயாக்கும் வந்துது. தோக்குன்னு தெரியாட்டாலும், காலுல ஒரு கனம் விழப்போவுதுன்னு கை அறிஞ்சிட்டு. கையாலைக்கு மேல எட்டிப் பிடிச்சு, எனக்க பக்கம் வலிச்சேன்.”

தாணு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சண்டைக்கு நடுவில், அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த மனிதனின் கைதான் நீண்டு வந்திருக்கிறது என்பதை அவர் இப்போதுதான் விளங்கிக்கொண்டார். கட்டுப் போட்ட காலையும் கட்டுப் போட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜெபமலரே, வண்டி சொல்லியாச்சா?”

“ஆட்டோ வருது. ரோட்டுல இறங்கி நாங்க தாங்கிப் பிடிச்சு நடத்திக் கொண்டு போவோம்.”

“அதெல்லாம் வேண்டாம். காரு பிடிங்கோ. எனக்க முற்றம் வழியா நேரா ஒங்க வாசல்ல கொண்டு விடச் சொல்லுங்கோ.”

ஜோஷி நம்ப முடியாமல் பார்த்தார். “அண்ணே, அப்பம் வழி...”

“வழி கிழின்னு பேசப்பிடாது,” என்றார் தாணு, குரலை உயர்த்தி. “அந்தக் கேசு கோர்ட்டுல கிடக்கும். கால் ஆறுத வரைக்கும் காரு வரலாம்.”

சொல்லிவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்றார்.

“மெதுவா ஆறட்டும், கேட்டியா? அவசரம் ஒண்ணும் இல்ல.”